48 தடுப்பான்கள்: சிப்பியின் செல் இறப்பு பற்றிய ஒரு தவறான கணக்கு

பசிபிக் சிப்பியின் மரபணுத்தொகுதி 2012இல் நேச்சர் இதழில் வெளியானது. 28,027 மரபணுக்கள் அதில் கணக்கிடப்பட்டன. அவற்றுள் 48 மரபணுக்கள், செல் இறப்புத் தடுப்பான்கள் என்று பெயர்பெற்ற ஐஏபி புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதே குடும்பத்தில் மனிதருக்கு இருப்பவை 8. கடல் முள்ளெலிக்கு 7. பசிபிக் சிப்பி ஏற்றவற்றத்துக்கு இடைப்பட்ட கரையில் ஒட்டி வாழும் உயிர். கடல் வற்றும்போது மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கும். கோடையில் அதன் உடல் 49 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினாலும் தாங்கும். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்ததும் ஒரு விளக்கம் பிறந்தது. சிப்பியிடம் இறப்பைத் தடுக்கும் வலுவான ஏற்பாடு இருக்கிறது, அதனால்தான் அது வெப்பத்தையும் வறட்சியையும் தாங்குகிறது என்பது அந்த விளக்கம்.

மூல ஆய்வு இதை ஓர் ஊகமாகவே முன்வைத்தது. பின்வந்த எழுத்துகளில் ஊகம் உண்மையாகிவிட்டது. சிப்பியினத்தின் செல் இறப்பைப் பற்றிப் பேச வருபவர்கள் இன்று தொடங்குவதே அந்த 48இல்தான். சிப்பி தன் செல்களைச் சாகவிடாமல் காத்துப் பிழைக்கும் உயிர் என்ற சித்திரம் நிலைபெற்றுவிட்டது. அந்தச் சித்திரம் தவறு. எண்ணிக்கையை எடுத்த விதத்தில் ஒரு பிழை இருக்கிறது; எண்ணப்பட்ட புரதங்களின் வேலையைப் புரிந்துகொண்டதில் அதைவிடப் பெரிய பிழை இருக்கிறது; சிப்பியின் உடலுக்குள் நடப்பதோ இரண்டுக்கும் நேர் எதிராக இருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்த்துப் பொருள் சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் புதிதல்ல. திட்டமிட்ட செல் இறப்பின் மரபியல், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் புழுவில் தொடங்கியது. அதன் உடல் உருவாகும்போது 1,090 செல்கள் பிறக்கின்றன. அவற்றுள் 131 குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் சாகின்றன. எந்தச் செல் சாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த இறப்பை நடத்தும் செட்-3, செட்-4 என்னும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸின் குழு 1986இல் அறிவித்தது. தடுக்கும் செட்-9 சில ஆண்டுகளில் சேர்ந்தது. சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோருடன் ஹார்விட்ஸ் 2002இல் நோபல் பரிசு பெற்றார். புழுவுக்கு நான்கு முக்கிய மரபணுக்கள் போதும், மனிதருக்கோ டஜன் கணக்கில் வேண்டும் என்ற ஒப்பீட்டிலிருந்து முதுகெலும்பற்றவற்றின் இறப்பு எளிமையானது, முதுகெலும்பிகளே அதைச் சிக்கலாக்கின என்ற முடிவு எழுந்தது.

மெல்லுடலிகளும் பவளங்களும் அந்த முடிவை உடைத்தன. செல்லுக்கு வெளியிலிருந்து வரும் இறப்பு ஆணையை வாங்கும் டிஎன்எஃப் ஏற்பிகள், அந்த ஆணையைக் கடத்தும் ஃபேட் புரதம், அதை நிறைவேற்றும் காஸ்பேஸ்-8, மைட்டோகாண்ட்ரியாவின் வாசலைக் காக்கும் பிசிஎல்-2 குடும்பத்தின் இருதரப்பு உறுப்பினர்கள், பி53 என எல்லாமே சிப்பியினத்தில் இருக்கின்றன. மத்தியதரைக்கடல் மசல் சிப்பியிலும் இதே பட்டியல் கிடைத்தது. 2014இல் பவளம் ஒன்றின் செல்களில் மனித டிஎன்எஃப் புரதத்தை இட்டபோது அவை இறந்தன. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து வளர்ந்த இரு கிளைகளுக்கு இடையே ஆணை இன்னும் புரிகிறது. பழைய இயந்திரம் முழுமையாகவே இருந்தது. புழுதான் பரிணாமத்தில் அதன் பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டது. மாதிரி உயிரியாகப் புழு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் வசதி. அந்த வசதி முதுகெலும்பற்ற உலகம் முழுவதற்கும் இலக்கணமானதுதான் வினை. குறைவாக இருந்தால் எளிமை என்று கணக்குப் போட்ட அதே மனப்போக்கு, 48ஐப் பார்த்ததும் அதிகமாக இருந்தால் வலிமை என்று திரும்பிக்கொண்டது.

முதலில் அந்த எண்ணையே பார்க்க வேண்டும். சிப்பியின் மரபணுத்தொகுதி படிப்பதற்கு மிகக் கடினமானது. தாயிடமிருந்து வந்த பிரதிக்கும் தந்தையிடமிருந்து வந்த பிரதிக்கும் இடையே வேறுபாடு மிக அதிகம். துண்டுதுண்டாகப் படித்துக் கணினியில் கோக்கும்போது, ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் இரு வேறு மரபணுக்களாகத் தோன்றிவிடும். 2012இன் குழு இதை நன்றாக அறிந்திருந்தது. அதற்காகவே நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் செய்த சிப்பியைத் தேர்ந்தெடுத்து, சிறு பகுதிகளாகப் பிரித்துப் படிக்கும் முறையைக் கையாண்டது. ஆயினும் குரோமோசோம் அளவில் கோக்கப்பட்ட புதிய தொகுதியை வைத்து 2022இல் மறுபடி எண்ணியபோது பசிபிக் சிப்பியின் ஐஏபி மரபணுக்கள் 40 ஆயின. அதே ஆய்வு அமெரிக்கக் கிழக்குக்கரைச் சிப்பியில் 69ஐக் கண்டது. அதற்கு ஓராண்டு முன்பு, அதே கரையின் வன்ஓட்டு மட்டியில் 159 என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மத்தியதரைக்கடல் மசல் சிப்பிகள் பலவற்றை ஒப்பிட்டு 2020இல் வந்த ஆய்வு, எல்லாத் தனியுயிர்களிலும் இருக்கும் சுமார் 45,000 மரபணுக்களைத் தவிர, சிலவற்றில் இருந்து சிலவற்றில் இல்லாத மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருப்பதைக் காட்டியது. ஒரே இனத்தின் இரு உயிர்களுக்கு இடையில் மரபணு இருப்பதும் இல்லாததுமாக மாறுகிறதென்றால், இந்த இனத்துக்கு இத்தனை தடுப்பான்கள் என்று ஒற்றை எண்ணைச் சொல்வதே தடுமாறும் வேலை. அப்படிப்பட்ட எண்ணின் மேல் ஓர் உயிரின் வாழ்க்கை முறை முழுவதையும் ஏற்றி வைத்தது அவசரம்.

எண் தவறினாலும் போக்கு உண்மைதான். 40 என்றாலும் 8ஐவிடப் பல மடங்கு. சிப்பியினத்தில் இந்தக் குடும்பம் பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. எதற்காகப் பெருகியது என்பதில்தான் தகராறு.

ஒரு மரபணுவை ஐஏபி என்று வகைப்படுத்துவது அதன் வேலையைப் பார்த்தல்ல. சுமார் 70 அமினோ அமிலங்கள் கொண்ட, துத்தநாக அணுவைப் பிடித்து நிற்கும் பிர் என்னும் பகுதி அதில் இருந்தால் கணினி அதை இந்தப் பட்டியலில் போட்டுவிடும். பெயருக்குக் காரணம் 1993இல் நடந்த ஒரு சோதனை. பூச்சிகளைத் தாக்கும் பாகுலோ வைரஸ் ஒன்றின் மரபணு, தொற்றிய பூச்சிச் செல்லைச் சாகாமல் வைத்திருந்தது. அந்த வைரஸ் புரதத்துக்குப் பொருத்தமான பெயர் அது. பிர் பகுதியுள்ள மற்ற எல்லாவற்றுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரியவந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், சிப்பியின் 48ஐ 48 தடுப்பான்கள் என்று படித்தது எவ்வளவு பெரிய தாவல் என்பது விளங்கும்.

மனிதரின் எட்டில் காஸ்பேஸ் நொதிகளை நேரடியாகப் பிடித்து நிறுத்தும் வலு உறுதியாக உள்ளது எக்ஸ்ஐஏபி ஒன்றுக்கே. அதன் மூன்றாம் பிர் பகுதி காஸ்பேஸ்-9ஐ அடக்குகிறது. இரண்டாம் பிர் பகுதியும் அதை ஒட்டிய இணைப்புத் துண்டும் காஸ்பேஸ்-3ஐயும் 7ஐயும் அடக்குகின்றன. சர்வைவின் செல் பிரியும்போது குரோமோசோம்களைச் சரியாகப் பங்கிடும் குழுவில் வேலை செய்கிறது. ஈஸ்ட்டிலும் அதன் உறவுப் புரதம் உண்டு. அங்கும் குரோமோசோம் வேலைதான். புழுவின் பிர்-1ஐ நீக்கினால் செல்கள் கூடுதலாகச் சாவதில்லை, பிரிய முடியாமல் திணறுகின்றன. சி-ஐஏபி 1, 2 என்னும் இரட்டையர் டிஎன்எஃப் ஏற்பியோடு சேர்ந்தே கண்டுபிடிக்கப்பட்டனர். அவர்களின் முதன்மைப் பணி மற்றப் புரதங்களின் மேல் யுபிக்விட்டின் முத்திரை குத்தி, நோய் எதிர்ப்புச் செய்தியை உட்கரு வரை அனுப்புவது. பழ ஈயின் இரண்டாவது ஐஏபி, பாக்டீரியா தொற்றும்போது எதிர்ப்புப் பெப்டைடுகளை உண்டாக்கும் பாதையில் இன்றியமையாத கண்ணி.

எட்டில் இன்னொன்றான நைப்பின் கதை இன்னும் வேடிக்கை. பாக்டீரியாவின் கசையிழைப் புரதமோ ஊசி போன்ற அதன் சுரப்புக் கருவியோ செல்லுக்குள் நுழைந்துவிட்டால் அதை மோப்பம் பிடிப்பது நைப்பின் வேலை. கண்டதும் அது ஒரு பெரிய புரதக் கூட்டத்தை எழுப்பி, காஸ்பேஸ்-1ஐத் தூண்டி, செல்லை வெடித்துச் சாகவைக்கிறது. இறப்புத் தடுப்பான் என்ற பட்டியலில் இருந்துகொண்டே செல்லைக் கொல்லும் புரதம் அது. சிப்பியின் நாற்பதோ நாற்பத்தெட்டோ மரபணுக்களில் எத்தனை எக்ஸ்ஐஏபியைப் போன்றவை, எத்தனை சி-ஐஏபியைப் போன்றவை, எத்தனை நைப்பைப் போன்றவை என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் தடுப்புப் பக்கத்தில் வரவு வைத்ததில்தான் கோட்டை விட்டார்கள்.

எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயம் உண்டு. பழ ஈயின் முதல் ஐஏபியை நீக்கினால் கருவின் செல்கள் கூட்டமாக மடிகின்றன; அங்கே அது உண்மையிலேயே உயிர்ப்பூட்டு. பசிபிக் சிப்பியிலும் ஓர் ஐஏபி தன் பிர் பகுதியால் காஸ்பேஸ்-2ஐப் பிடிப்பது சோதனையில் தெரியவந்திருக்கிறது. சில உறுப்பினர் தடுக்கின்றன என்பதை மறுக்க வேண்டிய தேவையில்லை. சிலவற்றின் வேலையைக் குடும்பம் முழுவதற்கும் எழுதியதுதான் மறுக்கத்தக்கது. கிழக்குக்கரைச் சிப்பியிலும் பசிபிக் சிப்பியிலும் இந்தப் புரதங்கள் பல வேறுபட்ட அமைப்புகளில் வருகின்றன. தொற்று வந்தபோது எல்லாம் ஒருசேர ஏறவில்லை. எந்த நோய்க்கிருமி, எந்தச் சிப்பி இனம், நோயைத் தாங்கும் வகையா தாங்காத வகையா என்பதைப் பொறுத்து வெவ்வேறு உறுப்பினர்கள் ஏறி இறங்கின. ஒரே வேலைக்கான நாற்பது பிரதிகள் இப்படி நடந்துகொள்ளா.

கணக்கின் மறுபக்கத்தைப் பார்த்தாலும் இதே நிலைதான். சிப்பியினத்தில் பெருகியவை ஐஏபி மட்டுமல்ல. காஸ்பேஸ்கள் பெருகியிருக்கின்றன, டிஎன்எஃப் குடும்பம் பெருகியிருக்கிறது. நுண்ணுயிரை உணரும் டோல் வகை ஏற்பிகள் மனிதரில் 10, பசிபிக் சிப்பியில் 80க்கு மேல். சி1கியூ பகுதியுள்ள புரதங்கள் முந்நூறைத் தாண்டுகின்றன. சிப்பிக்கு எதிர்ப்பான்கள் கிடையாது. நாள் முழுவதும் கடல் நீரை வடிகட்டி உண்ணும் உயிர், அந்த நீரில் உள்ள பாக்டீரியாவையும் வைரஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. உள்ளார்ந்த எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாமே அங்கு குடும்பம் குடும்பமாகப் பெருகியிருப்பதற்கு இதுவே எளிய காரணம். ஐஏபி அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தே பெருகியிருக்கிறது. வன்ஓட்டு மட்டியின் 159உம், அடுத்தடுத்து இரட்டித்தல், ஆர்என்ஏ வழியே நகலாகி வேறிடத்தில் செருகப்படுதல், பகுதிகள் கலைந்து சேர்தல் ஆகிய மூன்று வழிகளிலும் பெருகியவை. நோய்க்கிருமியோடு ஓடிப் பிடிக்கும் மரபணுக்களில் வழக்கமாகக் காணப்படும் முறை இது. பலமான பிரேக் உள்ள வண்டியைப் பார்த்து இது ஓடாத வண்டி என்று யாரும் சொல்வதில்லை. வேகமாக ஓடும் வண்டிக்குத்தான் அது தேவை.

வேகமாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். சிப்பி ஓட்டின் விளிம்பில் சிறு வெட்டுப் போட்டு, ஓட்டை மூடும் தசைக்குள் ஊசியைச் செலுத்தி மெல்ல இழுத்தால் நிறமற்ற குருதிநீர் வரும். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டதும் குருதியணுக்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெல்லிய கால்களை நீட்டிப் பரவும். அவற்றிடையே சில பரவாமல் உருண்டே கிடக்கும். உட்கருப் பொருள் இறுகிச் சிறு உருண்டைகளாக உடைந்திருக்கும். மேற்பரப்பில் கொப்புளங்கள் எழும்பும். செல் சவ்வின் உட்புறம் இருக்க வேண்டிய பாஸ்பாட்டிடைல்செரின் என்னும் கொழுப்பு வெளிப்புறம் திரும்பியிருக்கும். ஒளிரும் அனெக்சின் புரதம் அதைப் பிடித்துக் காட்டும். வெளியே திரும்பிய அந்தக் கொழுப்பே பக்கத்துச் செல்லுக்கு விழுங்கு என்ற அறிவிப்பு. நோயற்ற கிழக்குக்கரைச் சிப்பிகளிலும் இப்படி இறந்துகொண்டிருக்கும் குருதியணுக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன என்று 2003இல் பதிவாயிற்று. இறப்பை அடக்கி வைத்திருக்கும் உயிரின் குருதி இப்படி இருக்காது.

நெருக்கடி வந்தால் இறப்பு குறைகிறதா என்றால் அதுவும் இல்லை. கிழக்குக்கரைச் சிப்பியின் குருதியணுக்களைக் காட்மியத்தில் வைத்து 2004இல் செய்த சோதனையில், லிட்டருக்கு 10 முதல் 100 மைக்ரோமோல் வரை அளவு கூடக் கூட, திட்டமிட்ட இறப்பும் கூடியது. 200க்கு மேல் போனபோது அது மேலும் கூடவில்லை. செல்கள் ஒழுங்கின்றி உடைந்து சாவது கூடியது. நச்சு தாங்கும் அளவில் இருக்கும்வரை செல் தானே முறையாகச் செத்து ஒதுங்குகிறது. அதற்கும் நேரமில்லாத அளவு நச்சு வந்தால்தான் சிதறுகிறது. தடுப்புச் சித்திரம் சரியென்றால் குறைந்த அளவு நச்சில் இறப்பு அடங்கியிருக்க வேண்டும்.

காற்றில் கிடக்கும் சிப்பியில் ஐஏபி மரபணுக்களின் ஆர்என்ஏ அளவு ஏறுகிறது என்பது அடுத்த வாதம். ஏறுவது உண்மை. காற்றில் கிடக்கும்போது ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஏறி இறங்குகின்றன. 2012இன் ஆய்வில் மரபணு இயக்கத்தை மிக அதிகமாகப் புரட்டிப்போட்ட நெருக்கடியே காற்றுதான். ஆர்என்ஏ ஏறினால் புரதம் ஏறுமா, புரதம் ஏறினால் அது காஸ்பேஸைப் பிடிக்குமா என்பவை தனித்தனிக் கேள்விகள். சிப்பி காற்றில் பிழைப்பதற்கு வேறு காரணங்கள் நன்கு நிறுவப்பட்டவை. ஓட்டை இறுக மூடி நீரைக் காத்துக்கொள்கிறது. வளர்சிதைமாற்றத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் எடுத்து, சக்சினேட்டையும் அலனினையும் கழிவாகச் சேர்த்து வைக்கிறது. வெப்பத்தில் மடிப்புக் கலையும் புரதங்களை நிமிர்த்த ஹெச்எஸ்பி-70 வகையில் 88 மரபணுக்கள் இருக்கின்றன, மனிதருக்கு 17. செல்லைச் சாகும் நிலைக்கே போகவிடாத ஏற்பாடுகள் இவை. செல் சாவின் விளிம்புக்கு வந்தபின் பிடித்து நிறுத்துவது முற்றிலும் வேறு வேலை.

தடுப்புச் சித்திரத்துக்கு மிகக் கடுமையான அடி நோய்களிடமிருந்து வருகிறது. மெக்சிகோ வளைகுடாச் சிப்பிகளை 1940களில் கொன்று குவித்த டெர்மோ நோயின் காரணி பெர்கின்சஸ் மரினஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. 1950இல் விவரிக்கப்பட்டது. 1952இல் வந்த எளிய சோதனை இன்றும் வழக்கில் இருக்கிறது: சிப்பித் திசுவின் துண்டைத் தயோகிளைக்கோலேட் நீர்மத்தில் சில நாள் வைத்தால் ஒட்டுண்ணிச் செல்கள் உப்பிப் பெரிதாகும், அயோடின் கரைசலை விட்டதும் அவை கருநீல உருண்டைகளாகத் தெரியும். இந்த ஒட்டுண்ணி குருதியணுவிடமிருந்து ஒளிவதில்லை, அதனாலேயே விழுங்கப்படுகிறது. குருதியணுவின் மேற்பரப்பிலுள்ள கேலக்டின் என்னும் சர்க்கரை பிடிக்கும் புரதம் ஒட்டுண்ணியை அடையாளம் கண்டு உள்ளே இழுக்கிறது. உள்ளே போனதும் அது சாவதில்லை. ஒரு பக்கம் பெரிய வெற்றிடப்பை, ஓரத்தில் தள்ளப்பட்ட உட்கரு என முத்திரை மோதிரம் போன்ற உருவத்தில் இருந்துகொண்டு பெருகுகிறது. குருதியணுவிலேயே பயணம் செய்து சிப்பியின் உடலெங்கும் பரவுகிறது.

இந்த ஒட்டுண்ணிக்குக் குருதியணு உயிரோடு இருந்தாக வேண்டும். தொற்றிய குருதியணு உடனே செத்துச் சுருங்கினால், உள்ளிருக்கும் ஒட்டுண்ணியும் அதோடு மூட்டை கட்டப்பட்டு அடுத்த செல்லால் விழுங்கப்படும். ஆகவே பெர்கின்சஸ் குருதியணுவின் திட்டமிட்ட இறப்பைக் குறைக்கிறது. பல ஆய்வுகள் இதை அளந்திருக்கின்றன. இதே பேரினத்தைச் சேர்ந்த பெர்கின்சஸ் ஓல்செனி இந்தியாவின் தென்கிழக்குக் கரை முத்துச்சிப்பியிலும் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பியத் தட்டைச் சிப்பியின் குருதியணுக்களுக்குள் வாழும் போனாமியா ஒட்டுண்ணியும் அந்தச் செல்களின் இறப்போடு விளையாடுகிறது. சாவைத் தடுப்பது சிப்பிக்கு லாபமென்றால், அந்த வேலையை ஒட்டுண்ணி ஏன் வலிந்து செய்கிறது? தடுப்பு யாருக்கு உதவுகிறது என்பதை ஒட்டுண்ணி சரியாகவே கணித்திருக்கிறது.

எண்ணிக்கைக் கணக்கை இங்கேயே பொருத்திப் பார்க்கலாம். டெர்மோவுக்கு எளிதில் பலியாவது 69 ஐஏபி உள்ள கிழக்குக்கரைச் சிப்பி. அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பது 40 உள்ள பசிபிக் சிப்பி. 159 உள்ள வன்ஓட்டு மட்டிக்கு அதற்கென்றே ஓர் ஒட்டுண்ணி நோய் கனடா முதல் வர்ஜீனியா வரை இருக்கிறது. ஐஏபி கூடியதால் நோய் வந்தது என்று சொல்வதும் இதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்வதுதான். எண்ணிக்கை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை என்பதே இங்குள்ள செய்தி.

வைரஸ் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சிப்பி ஹெர்பஸ் வைரஸின் மரபணுத்தொகுதி 2005இல் வெளிவந்தபோது, அதற்குள்ளேயே ஐஏபியை ஒத்த மரபணுக்கள் இருந்தன. இந்த வைரஸின் மைக்ரோவார் என்னும் வகை 2008 முதல் பிரான்சின் பண்ணைகளில் இளம் பசிபிக் சிப்பிகளைக் கூட்டமாகக் கொன்றது. அது குருதியணுக்களைத் தாக்கி எதிர்ப்பை உடைத்தபின், பாக்டீரியா உள்ளே புகுந்து வேலையை முடிக்கிறது. தொற்றிய சிப்பிகளில் வைரஸின் ஐஏபி மரபணுக்கள் இயங்குவதை 2014இன் ஆய்வு பின்தொடர்ந்து காட்டியது. வைரஸ் தன் மரபணுத்தொகுதியில் பயனற்றதைச் சுமப்பதில்லை. சிப்பிச் செல் தொற்றைக் கண்டதும் தானே சாக முற்படுகிறது என்பதாலேயே, அதை நிறுத்தும் கருவியை வைரஸ் கையோடு கொண்டுவருகிறது. 48 தடுப்பான்கள் உள்ள செல்லில் நாலைந்தை மேலும் சேர்த்து வைரஸுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்குத் தடுப்புச் சித்திரத்தில் பதில் இல்லை.

இறப்பு உண்மையிலேயே நின்றுபோனால் சிப்பியினத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் இயற்கையில் ஒரு சாட்சியம் கிடைத்திருக்கிறது. வட அமெரிக்காவின் மென்ஓட்டு மட்டிக்குக் குருதியணுப் புற்று வருகிறது. நோயுற்ற மட்டியின் குருதிநீர் பால்போல் கலங்கும். செல்கள் கால் நீட்டாமல் உருண்டு, பெரிய உட்கருவோடு மிதக்கும். சேதமுற்ற செல்லைச் சாகவைக்க வேண்டிய பி53 புரதம் அவற்றில் இருக்கவே செய்கிறது. ஆனால் அது உட்கருவுக்குள் போக முடியாமல் சைட்டோபிளாசத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று 2006இல் தெரியவந்தது. பிடித்து வைத்திருப்பது மார்டாலின். அதுவும் ஹெச்எஸ்பி-70 குடும்பத்துப் புரதமே. அந்தப் பிடியை மருந்தால் விடுவித்தபோது செல்கள் முறைப்படி இறந்தன. இயந்திரம் பழுதாகவில்லை, பூட்டப்பட்டிருந்தது.

பூட்டிய செல்களின் பயணம் ஆராய்ச்சியாளர்களையே திகைக்க வைத்தது. நியூயார்க், மெய்ன், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகிய இடங்களின் நோயுற்ற மட்டிகளில் இருந்த புற்றுச் செல்கள், அவை இருந்த மட்டிகளின் மரபணுவோடு ஒத்துப்போகவில்லை, ஒன்றோடொன்று ஒத்துப்போயின. எப்போதோ ஒரு மட்டியில் பிறந்த செல்வழி, கடல்நீர் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிப் பரவுகிறது என்று 2015இல் நிறுவப்பட்டது. 2016இல் மசல் சிப்பியிலும் வேறு மட்டிகளிலும் இதே போன்ற தொற்றுப்புற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஓர் இனத்தில் தோன்றி மற்றோர் இனத்துக்குத் தாவியது. மென்ஓட்டு மட்டியின் செல்வழிக்கு 200 ஆண்டுக்கு மேல் வயதிருக்கும் என்று பிந்தைய கணிப்பு சொல்கிறது. சிப்பியினத்தில் சாவை வென்ற செல் ஒன்று இருக்குமானால் அது இதுதான். அது அந்த இனத்தைத் தின்கிறது.

செல் இறப்பைச் சார்ந்தே மெல்லுடலி வளர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீந்தித் திரியும் இளம்புழு, தரையில் வாழும் உருவாக மாறும்போது நீந்தும் மடலைக் களைகிறது. சிப்பி ஓரிடத்தில் ஒட்டியபின் காலையும் இழக்கிறது. இல்யனாசா என்னும் கடல் நத்தையில், இளம்புழுவின் தலை உச்சியில் இருக்கும் நரம்புத் திரள் உருமாற்றத்தின்போது திட்டமிட்ட இறப்பால் அழிவது 2006இல் விவரிக்கப்பட்டது. உருமாறும் வேளையை நிர்ணயித்த உறுப்பு, வேலை முடிந்ததும் தன்னைக் கலைத்துக்கொள்கிறது.

இந்தத் தவறான வாசிப்பு ஏட்டோடு நின்றால் பெரிய கேடில்லை. ஐஏபி அதிகம் இயங்கும் சிப்பிகளைத் தாங்கும் வகை என்று தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப் போனால், ஒட்டுண்ணிக்கு வசதியான குருதியணுக்களையே தேர்ந்தெடுத்ததாக முடியலாம். கடல் மாசை அளக்கும் குறியீடாக ஐஏபியின் ஆர்என்ஏவை எடுத்தால், நோய்த்தொற்றைப் பார்த்து நச்சு என்று முடிவுகட்ட நேரும். ஒவ்வொரு உறுப்பினரும் என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டிய சோதனைகள் தெரிந்தவையே. எந்தக் காஸ்பேஸோடு ஒட்டுகிறது, ஒட்டினால் அந்த நொதி நிற்கிறதா, மரபணுவை அடக்கினால் செல்கள் சாகின்றனவா அல்லது எதிர்ப்புச் செய்திதான் அறுபடுகிறதா என்ற மூன்றும் பார்க்கப்பட வேண்டும். இவை முழுதாகச் செய்யப்பட்டவை சிப்பியினத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

வேலை மெதுவாக நகர்வதற்குக் காரணம் உண்டு. மனித, ஈச் செல்களில் இத்தகைய சோதனைகள் ஆய்வகத்தில் முடிவின்றிப் பெருகும் செல்வழிகளில் செய்யப்படுகின்றன. மெல்லுடலிகளில் நிலையாக வளர்ந்த செல்வழி, 1970களில் பயோம்ஃபலாரியா என்னும் நன்னீர் நத்தையின் கருவிலிருந்து எடுத்த ஒன்றே. சிப்பியிலிருந்து எடுக்கும் செல்கள் ஆய்வகத் தட்டில் சில நாள் அல்லது வாரங்களில் தளர்ந்துவிடுகின்றன. வளர்ப்பு ஊடகம் சரியாக அமையாததும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும் சாவுக்கு 48 தடைகள் போட்டதாகச் சொல்லப்படும் உயிரின் செல்கள் தட்டில் நிலைக்காதது ஒரு முரண்நகைதான். நிலையான செல்வழி கிடைக்கும்வரை, உயிருள்ள சிப்பியின் தசைக்குள் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்தி ஒரு நேரத்தில் ஒரு மரபணுவை அடக்கிப் பார்ப்பதும், பசிபிக் சிப்பியின் கருக்களில் ஏற்கெனவே வெற்றி கண்டுள்ள கிரிஸ்பர் முறையில் மரபணுவை வெட்டிப் பார்ப்பதுமே கையில் உள்ள வழிகள்.